அங்கோர் வாட்: சூரியன் வந்ததும் குளக்கரையை விட்டு நகருங்கள்

கம்போடியாவின் அங்கோர் வாட்டுக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே வந்து குவியும் கூட்டத்தில் பாதிப்பேர் ஒரே ஒரு படத்துக்காக வந்தவர்கள். மேற்கு வாசலைத் தாண்டி நடந்தால் இடப்பக்கம் வரும் குளம்தான் அவர்கள் இடம். கோயில் மேற்குப் பார்த்தது. அதனால் சூரியன் கோபுரங்களுக்குப் பின்னால் எழும். கறுத்த வடிவம் தண்ணீரில் தெரியும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் வெயில் ஏறிய பிறகும் அங்கேயே நின்று முகப்பை எடுக்காதீர்கள். எதிர்வெளிச்சத்தில் கல் ஒரே கறுப்பாக விழும். முகப்புக்கு மாலை வெயில்தான் சரி.

காலை வெளிச்சம் விழுவது கிழக்குச் சுற்று மண்டபத்தில். அங்கே போகும் வழியும் முக்கியம். மேற்கில் நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பி, சுவர் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். இங்கே சிற்பக் கதைகள் அப்பிரதட்சிணமாக ஓடுகின்றன. கோயில் என்றதும் கால் தானாக வலம் வரப் போனால் கதை கடைசியிலிருந்து தொடங்கும். முதலில் குருக்ஷேத்திரப் போர், தெற்கே திரும்பினால் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் படை ஊர்வலம், அடுத்து சொர்க்க நரகங்கள். நேரம் குறைவென்றால் இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

கிழக்கில் திரும்பியதும் பாற்கடல் கடையும் காட்சி, சுமார் 49 மீட்டர் நீளம். இடப்பக்கம் 92 அசுரர்கள், வலப்பக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், அவருக்குக் கீழே ஆமை. முகங்களை உற்றுப் பாருங்கள்: அசுரர்களுக்கு உருண்டை விழி, தேவர்களுக்குக் கூம்பு மகுடம். பிறகு குனிந்து அடிப்பட்டையைப் பாருங்கள். ஓரங்களில் மீன்களும் முதலைகளும் முழுசாக நீந்துகின்றன. மத்தை நெருங்க நெருங்க அவை இரண்டாக அறுந்து சிதறிக் கிடக்கின்றன. கடைவதன் வேகத்தைக் காட்ட சிற்பி கண்டுபிடித்த வழி இது! வழிகாட்டியோடு ஓடுபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். தொடாதீர்கள், சுவரில் எண்ணெய் தடவியதுபோல மின்னும் இடங்களெல்லாம் கை பட்டுப் பட்டு வந்தவை.

உச்சியிலுள்ள பகான் அடுக்குக்கு ஏற, தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மேலே துண்டைப் போர்த்திச் சமாளிக்க முடியாது. கையுள்ள சட்டையே போட்டுவாருங்கள். படி மிகச் செங்குத்து, ஒரு நேரத்தில் குறிப்பிட்ட பேரைத்தான் விடுவார்கள். பௌத்த விரத நாட்களில் அந்த அடுக்கு மூடியிருக்கும். மாதத்தில் நாலு முறை வரும் அந்த நாட்களைப் பயணத் தேதி போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் கோயில் வாசலில் கிடைக்காது. பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் தனியாக இருக்கும் டிக்கெட் மையத்தில் வாங்க வேண்டும், இணையத்திலும் வாங்கலாம். ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் டிக்கெட்டைப் பத்து நாளுக்குள் விட்டு விட்டுப் பயன்படுத்தலாம் என்பதால் அதையே சொல்வேன். ஒரே நாளில் அங்கோர் வாட், அருகிலுள்ள பாயோன், தா புரோம் கோயில்கள் மூன்றையும் முடித்தால், மதியம் இரண்டு மணிக்குமேல் எந்தக் கல்லும் கண்ணில் ஏறாது. அதோடு, பந்தியாய் ஸ்ரேய்க்குத் தனியாக அரைநாள் வேண்டும். 967-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிறிய சிவன் கோயில், இளஞ்சிவப்பு மணற்கல். மரத்தில் கடைந்தது போன்ற வேலைப்பாடு. தொலைவு அதிகம், டுக்டுக்காரரிடம் கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

டாலர் நோட்டுகள் புதிதாக இருக்கட்டும். ஓரத்தில் நகக்கண் அளவு கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிடுவார். மீதிச் சில்லறை கம்போடிய நாணயமான ரியேலில் வரும், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000. அதை இளநீருக்குச் செலவழித்துவிடுங்கள். நாட்டுக்கு வெளியே யாரும் மாற்றித் தரமாட்டார்கள்.