கைகள் காலியாக இருக்க வேண்டும்: இரு குழந்தைகளுடன் வேலூருக்கு ஒரு பயணம்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் வேலூரை அடுத்த காட்பாடி ரயில் சந்திப்பின் மேம்பாலத்தில் நடந்தது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கணவரின் இரு கைகளிலும் இரண்டு பெரிய பெட்டிகள்; என் இடுப்பில் ஒன்றரை வயது மகன், தோளில் பால்புட்டிகள் நிறைந்த பை, வலக்கையில் இன்னொரு பெட்டி. ஐந்து வயது மகளிடம் "அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே வா" என்று சொல்லியிருந்தேன். படி இறங்கித் திரும்பிப் பார்த்தபோது முந்தானைதான் இருந்தது, அவள் இல்லை. இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகியிருக்காது. மேலே, பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம், தலையில் முக்காடிட்ட ஒரு வங்காளத்து மூதாட்டி அவள் கையை இறுகப் பிடித்தபடி கீழே வருவோர் போவோர் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தார். எக்ஸ்ரே உறை ஒன்று அவருடைய அக்குளில் இருந்தது, சிகிச்சைக்காக வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. மகளின் கையை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, என் பெட்டியைச் சுட்டிக்காட்டித் தலையசைத்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது எனக்குப் புரிந்தது.

அன்றிரவே நானும் கணவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். இனி எந்தப் பயணமானாலும், எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு கை பிள்ளைகளுக்காகவும், ஆளுக்கொரு கை எதுவும் இல்லாமலும் இருக்க வேண்டும். தோளில் தொங்குவது மட்டுமே மூட்டை. இந்த ஆண்டு குடியரசு நாளையொட்டி வந்த விடுமுறையில் மூன்று நாள் வேலூர் செல்வதென்று முடிவானபோது அதைச் செய்து பார்த்தோம்.

மூட்டை கட்டுவதில்தான் உண்மையான வேலை இருந்தது. கணவரின் முதுகில் ஒரு பை, என் தோளில் ஒரு துணிப் பை. ஆளுக்கு அணிந்திருப்பது போக இரண்டு உடைகள், மகனுக்கு மட்டும் மூன்று. தை மாதத்து வேலூரில் விடியற்காலையில் பனி இருந்தாலும் பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும் என்பதால், இரவு அலசிப் போட்ட பருத்தித் துணி மறுநாள் முற்பகலுக்குள் மொறமொறவென்று காய்ந்துவிடும். ஆகவே மூன்று நாளுக்கு மூன்று மடங்கு துணி என்ற கணக்கே அந்த ஊருக்குத் தேவையில்லை. கனமான துவாலைகளுக்குப் பதிலாக இரண்டு ஈரிழைத் துண்டுகள். இரவுக்கு மட்டும் நான்கு டயபர். ஓர் எவர்சில்வர் டம்ளர், ஒரு கரண்டி, ஒரு தண்ணீர்ப் புட்டி. காய்ச்சல் மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு, காயத்துக்குப் போடும் பஞ்சும் களிம்பும். மருந்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். விளையாட்டுச் சாமான்களை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம்.

எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது என் அம்மாவின் பழைய பருத்திப் புடவை. ஆறு கெஜத் துணி ஒன்று குழந்தை இருக்கும் வீட்டில் எத்தனை வேலை செய்யும் என்பதை நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள். ரயிலில் மகனுக்குத் தலையணையாகவும், சன்னலோரக் குளிர்காற்றுக்குப் போர்வையாகவும், கோட்டைப் புல்வெளியில் விரிப்பாகவும், இரவில் தூளியாகவும் அது ஒன்றே இருந்தது. சிறிதாக மடித்தால் பையின் அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தின் இடம்தான் பிடிக்கிறது.

சென்னை சென்ட்ரலிலிருந்து காலையில் புறப்படும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் சென்றோம். காட்பாடிக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு அல்லது கூடுதல். சிறு குழந்தைகளின் பொறுமைக்கு அது சரியான தொலைவு. ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு ரயிலில் பயணச்சீட்டு வேண்டாம், ஆனால் இருக்கையும் கிடையாது, மகன் மடியில்தான் வர வேண்டும். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை வாழையிலையில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். தின்று முடித்ததும் இலையோடு சுமையும் தீர்ந்தது. திரும்பக் கழுவி எடுத்து வர வேண்டிய டப்பா எதுவும் இல்லை என்பதை நான் அவ்வளவு பெரிய விஷயமாக அதுவரை நினைத்ததில்லை.

காட்பாடியில் இறங்கியதும் அதே மேம்பாலம். மகள் என் கையைப் பிடித்திருந்தாள், மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான். எங்கள் முன்னும் பின்னும் மருத்துவமனைக்குப் போகும் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்குவதற்கான மூட்டைகளோடு ஏறிக்கொண்டிருந்தன. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்றைய சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனை. அதை நாடி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருவோருக்காகவே வேலூர் காந்தி சாலைப் பக்கத்து விடுதிகளில் வங்காள எழுத்துப் பலகைகள் இருக்கின்றன, சமைத்துக்கொள்ள அடுப்படி வசதியோடு அறைகளும் கிடைக்கின்றன. அவர்கள் சுமப்பது வேறு வகைச் சுமை. அதை என் பெட்டிக் கணக்கோடு ஒப்பிடுவது முறையாகாது என்று அந்தப் படிகளில் எனக்குத் தோன்றியது. அந்த மூதாட்டி நலமாக ஊர் திரும்பியிருக்க வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன்.

வேலூரின் சத்துவாச்சாரிப் பகுதியில் கணவரின் சித்தி வீட்டில் தங்கினோம். நான் அவரை அத்தை என்றே அழைப்பேன். வாசலில் எங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மத்த பையெல்லாம் ஆட்டோவுலயே விட்டுட்டியாம்மா?" என்பதுதான். இவ்வளவுதான் அத்தை என்றதும், "நல்லாச் செஞ்ச. புள்ளைங்க வர்ற வீட்ல ஒரு துண்டு, ஒரு தட்டு இருக்காதா? சுமந்துகிட்டு வந்தா எங்களை வேத்தாளா நெனைக்கிற மாதிரி" என்றார். இதை நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். உறவினர் வீட்டுக்கு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போவதை நான் அவர்களுக்குத் தொந்தரவு தராத பண்பு என்றே கருதி வந்திருக்கிறேன். அவருக்கோ அது மனத்தாங்கலாக இருந்திருக்கிறது. மகனுக்கு ஒரு பழைய மரப்பாச்சியையும், நான்கு பித்தளைச் சொப்புகளையும் பரணிலிருந்து இறக்கித் தந்தார். மூன்று நாளும் அவன் வேறு விளையாட்டுப் பொருள் எதையும் கேட்கவில்லை.

அன்று மாலை கோட்டைக்குப் போனோம். விசயநகரக் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில் எழுந்த கருங்கல் கோட்டை. அகழியில் தண்ணீர் நின்றது. தள்ளுவண்டி இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று நான் அஞ்சியிருந்தேன், ஆனால் கல் பாவிய தரையிலும் கோயில் வாசற்படிகளிலும் தள்ளுவண்டி இருந்திருந்தால் அதையும் நாங்கள்தான் தூக்கியிருப்போம். கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் பாயும் யாளிகளையும் குதிரை வீரர்களையும் மகன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க விரும்பினான். தொடாமல் பார்க்கப் பழக்குவதற்கே அரைமணி நேரம் ஆயிற்று. நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த இக்கோயிலுக்குள் 1981 மார்ச்சில் மீண்டும் இலிங்கம் வைக்கப்பட்டது. அதுவரை அது இருந்த இடம் சத்துவாச்சாரி என்பதை அத்தை தம் தெருவின் பெருமையாகவே சொல்வார். வடார்க்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகி, வேலூர் 2019இல் மூன்றான பிறகும் அவருக்கு இது இன்னும் 'வடார்க்காடு ஜில்லா'தான்.

புல்வெளியில் புடவையை விரித்து உட்கார்ந்தபோது, இங்கே சண்டை நடந்ததா என்று மகள் கேட்டாள். 1806 சூலை 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்ததையும், நெற்றிக் குறியை அழி, தாடியை எடு, தோல் செருகிய புதுத் தலைப்பாகையை அணி என்று வந்த உத்தரவுகளே அதற்குக் காரணம் என்பதையும், திப்புவின் பிள்ளைகள் அப்போது இங்கேதான் காவலில் இருந்தார்கள் என்பதையும் சொன்னேன். "தொப்பி பிடிக்கலன்னா போடமாட்டேன்னு சொல்லலாமா?" என்று கேட்டாள். சொன்னார்கள், அதற்காக உயிரையும் கொடுத்தார்கள் என்றேன். ஆறு வயதுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கையில் பொருள்களைக் காவல் காக்கும் வேலை இல்லாததால் அவள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல முடிந்தது.

மறுநாள் காலையில் விரிஞ்சிபுரம் சென்றோம். வேலூரிலிருந்து மேற்கே, பாலாற்றங்கரையில், பேருந்தில் அரைமணி நேரத் தொலைவு. 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்ற வழக்கை நான் கேட்டிருக்கிறேன். நேரில் அந்த மதிலின் அருகே நிற்கும்போதுதான் அதன் உயரம் விளங்குகிறது. இறைவன் பெயர் மார்க்கபந்தீசுவரர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்ட வணிகர் ஒருவர் கள்வருக்கு அஞ்சி வேண்டிக்கொள்ள, இறைவனே குதிரை வீரனாகக் கூடவே வந்து வழித்துணையானார் என்பது தலவரலாறு. குழந்தைகளோடு பயணம் போகிறவர்கள் கும்பிட வேண்டிய சாமி இவரைத் தவிர வேறு யார் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைப்பேறு வேண்டிக் கார்த்திகைக் கடை ஞாயிறன்று பெண்கள் நீராடும் சிம்மத் தீர்த்தமும் இங்கேதான் இருக்கிறது. சிங்கத்தின் உருவில் அமைந்த அதன் வாயிலை மகன் வெகுநேரம் விட்டு வர மறுத்தான்.

ஆனால் அந்த நாளின் பெரிய மகிழ்ச்சி பிராகாரத்தில் உள்ள நேரங்காட்டும் கல். அரைவட்டமாக எண்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன; மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழுகிற எண்ணே நேரம். கோயில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மையார் தம் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி மகளிடம் கொடுத்தார். நிழல் பத்தைத் தொட்டது, கணவரின் கைக்கடிகாரம் பத்தரையை நெருங்கியிருந்தது. கல் தப்பாகச் சொல்கிறதா என்று அவள் ஏமாற்றத்தோடு கேட்டாள். கல் சொல்வது இந்த ஊர்ச் சூரியனின் நேரம். கடிகாரம் சொல்வதோ கிழக்கே வெகுதூரம் தள்ளி, 82.5 பாகைத் தீர்க்கரேகையில் கணக்கிட்ட இந்தியா முழுமைக்குமான நேரம். அங்கே உச்சிக்கு வரும் சூரியன் வேலூருக்கு வரப் பதின்மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகும். தை மாதத்தில் பூமியின் ஓட்டத்தால் மேலும் ஏறக்குறைய அவ்வளவே நேரம் பின்தங்கும். கணவர் தரையில் ஒரு வட்டம் வரைந்து இதை விளக்கினார். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது, ஆனால் ஒரு மணி நேரம் அந்தக் கல்லையும் நிழலையும் விட்டு நகரவில்லை. மகனோ தம்ளரில் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான்.

மாலையில் திருமலைக்கோடி சிறீபுரம் பொற்கோயிலுக்கும் போய் வந்தோம். நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நடக்க வேண்டியிருப்பதால், இரண்டு வயதுக் குழந்தை பாதி வழிக்கு மேல் நடக்காது என்பதை நினைவில் வைத்துப் போவது நல்லது. மகன் தோளிலேயே தூங்கிவிட்டான்.

திரும்பும் நாள் காலையில்தான் சோதனை வந்தது. அத்தை ஊறுகாய், புளி, வடகம், இரண்டு கிலோ முள்ளுக் கத்தரிக்காய் எல்லாவற்றையும் திண்ணையில் அடுக்கி வைத்திருந்தார். புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடிக் கத்தரிக்காயை மறுக்க எனக்கும் மனம் வரவில்லை. முதல் நாள் அவர் சொன்னதை நினைத்துக்கொண்டு, "அத்தை, ஆளுக்கொரு கை வேண்டும்" என்று காட்பாடிப் பாலத்தில் நடந்ததை முதன்முறையாக அவரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகளைத் தம் மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு, ஊறுகாயையும் புளியையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கத்தரிக்காயில் பாதியை அப்போதே எண்ணெயில் வதக்கி எங்களுக்குச் சோற்றோடு போட்டார். மீதியைப் புடவையில் சுற்றிப் பையின் மேல் பகுதியில் வைத்தோம்.

காட்பாடிப் பாலத்தில் மகள் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினாள். அவள் கை வியர்த்திருந்தது. வண்டி வந்து நிற்கும் வரை நான் அதை விடவில்லை.