பதில் சொன்னது டிவி

மே, ஜூன் வந்தால் காவேரிப்பட்டணம் பக்கம் யாருக்கும் தூக்கம் கிடையாது. மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா லாரி லாரியாகப் போகும் (தோத்தாபுரியை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்). அப்படி ஒரு சீசனில்தான் மண்டிக்காரர் வீட்டு அக்கா கூப்பிட்டார். கணக்கு வழக்கெல்லாம் அவர்தான், வீட்டிலிருந்தே பார்க்கிறார்.

"தம்பி, பிரிண்டர் வேலை செய்யலைங்க. ஞாயித்துக்கிழமை காத்துமழையில கரண்ட் போய் வந்ததுல இருந்தே இப்படித்தான்."

இரண்டாவது வாக்கியத்தை நான் காதில் வாங்கவே இல்லை. கிருஷ்ணகிரியில் சர்வீஸ் வேலைக்கு வந்து எட்டு வருஷம். வாயைத் திறக்கும் முன்பே மாத்திரை எழுதுகிற டாக்டர் மாதிரி ஆகியிருந்தேன்.

கம்ப்யூட்டர் 'ஆஃப்லைன்' என்றது. பதினோரு பில் வரிசையில் தேங்கிக் கிடந்தது. பிரிண்டரை எங்கே தேட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் குறித்திருக்கும் இடத்தில் (போர்ட் என்பார்கள்) இருந்த நெட்வொர்க் முகவரி 192.168.1.4. அந்த முகவரியில் யாராவது இருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்க்கும் 'பிங்' போட்டேன், உடனே பதில் வந்தது. சரி, நெட்வொர்க் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு விண்டோஸில் என்று முடிவு கட்டிவிட்டேன். பிங்கை ஓடவிட்டபடியே, பிரிண்ட் வரிசையைக் கவனிக்கும் ஸ்பூலரை நிறுத்தித் தேங்கியதை அழித்தேன். பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரைக் கழற்றி மறுபடி போட்டேன். ஒரு மணி நேரம் போனது. இரண்டு தடவை டீ வந்தது, அப்புறம் வரவில்லை.

ஹாலில் பையன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் பொறுக்காமல் அக்கா போய் சுவிட்சையே அணைத்தார். என் திரையில் பிங் அந்த நொடியே நின்றது.

எந்த முகவரியில் எந்தச் சாதனம் என்று காட்டும் 'ஏ.ஆர்.பி' பட்டியலைப் பார்த்தேன். ஒவ்வொரு சாதனத்துக்கும் மேக் எண் என்று தனி அடையாள எண் உண்டு. .4 என்று முடியும் அந்த முகவரிக்கு நேராக இருந்த மேக் எண்ணும், பிரிண்டரின் முதுகில் ஒட்டியிருந்த மேக் எண்ணும் வேறு வேறு. இத்தனை நேரமும் எனக்குப் பதில் சொன்னது டிவி!

"டிவி புதுசாக்கா?"

"திங்கக்கிழமைதான் வந்துச்சு."

வீட்டுச் சாதனங்களுக்கு முகவரி கொடுப்பது ரௌட்டர். கரண்ட் போனதில் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலை அது மறந்துவிட்டது. பிரிண்டர் அப்போது அணைந்து கிடந்தது. புது டிவி வந்து கேட்டதும் காலியாக இருந்த .4-ஐ ரௌட்டர் தூக்கிக் கொடுத்துவிட்டது. பிரிண்டரை ஆன் செய்தபோது அதற்குக் கிடைத்தது .7. கம்ப்யூட்டரோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தது. பிங்குக்குப் பிரிண்டர்தான் என்றில்லை, வேறு சாதனமும் பதில் சொல்லலாம். நெட்வொர்க் பிரிண்டர்கள் வழக்கமாகத் திறந்து வைத்திருக்கும் 9100 என்ற வாசலைத் தட்டிப் பார்த்திருந்தால், அது பிரிண்டரா இல்லையா என்று அப்போதே சந்தேகம் வந்திருக்கும்.

அப்புறம் பத்து நிமிஷ வேலை. ரௌட்டரில் பிரிண்டரின் மேக் எண்ணுக்கு 192.168.1.200-ஐ நிரந்தரமாக ஒதுக்கினேன். பிரிண்டரை அணைத்துப் போட்டு, கம்ப்யூட்டரின் போர்ட்டிலும் அதே முகவரியைப் போட்டேன். அக்கா பில்லை ஒவ்வொன்றாக மறுபடி அனுப்ப வேண்டியிருந்தது, நான்தானே எல்லாவற்றையும் அழித்தேன். பாதிக் கூலிதான் கேட்டேன்.

ஏழாவது பில் வந்துகொண்டிருந்தபோது பையன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணா, இப்போ டிவி போடலாமா?"

போடு என்றேன். பிரிண்டர் நிற்கவில்லை.