கிப்பர் குளிர்காலக் குறிப்புகள்: பரலைப் பார்த்தால் பனிச்சிறுத்தை தெரியும்

இந்த பிப்ரவரியிலும் இமாச்சலத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் உள்ள கிப்பருக்கே போனேன். வேறு எங்காவது போகலாமே என்று வீட்டில் கேட்டார்கள். போன முறை கற்றுக்கொண்டதை அங்கேயே வைத்து மேலே தொடர வேண்டும் என்று எனக்கு ஆசை.

ஜனவரி முதல் மார்ச் வரை பனிச்சிறுத்தைகள் இணைசேரும் காலம். மேலே பனி மூடிவிடுவதால் பரல் என்கிற நீல ஆடுகள் ஊரை ஒட்டிய சரிவுகளுக்கு மேய இறங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் சிறுத்தையும் வருகிறது. அதனால்தான் சுமார் 4,200 மீட்டர் உயரத்தில், ஊர் விளிம்பில் நின்றே அதைப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிறது. குளிர்காலத்தில் குன்சும் கணவாய் மூடியிருக்கும் என்பதால் மணாலி வழி கிடையாது. சிம்லா, ரெக்காங் பியோ, காசா என்று கின்னௌர் பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். வழி நீளம்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் உடம்பு உயரத்துக்குப் பழகிக்கொள்கிறது. சென்னைக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

அங்கே எல்லாமே ஸ்பாட்டர்கள் கையில்தான் இருக்கிறது. சிறுத்தை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டும் ஊர்க்காரர்கள் அவர்கள். விடிவதற்கு முன்பே ஸ்கோப் என்கிற தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு முகட்டுக்குப் போய்விடுவார்கள். நாம் ஹோம்ஸ்டேயில் தந்தூர் அடுப்புப் பக்கத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது வாக்கி-டாக்கியில் குரல் வரும். இந்த முறை அதற்காகக் காத்திருக்காமல் நானும் அவர்களோடு முகட்டுக்கு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பயணத்திலேயே எனக்குப் பிடித்த முடிவு அதுதான்.

கிப்பருக்கும் சிச்சமுக்கும் நடுவே ஆழமான மலையிடுக்கு ஒன்று இருக்கிறது. பாறை, பனி, திரும்பவும் பாறை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பைனாகுலரை வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் துழாவினேன். “சிறுத்தையைத் தேடாதீங்க பாய், பரலைப் பாருங்க” என்றார் பக்கத்தில் இருந்த ஸ்பாட்டர். சரி என்று எதிர்ச்சரிவில் மேய்ந்த மந்தையின் மேலேயே கண்ணை வைத்தேன். ஒரு பெட்டை தலையைத் தூக்கியது. அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மந்தை முழுக்க மேய்ச்சலை விட்டுவிட்டு ஒரே பக்கம் பார்த்து நின்றது. அவை பார்த்த திசையில் ஸ்பாட்டர் ஸ்கோப்பைத் திருப்பினார். பாறைத் திட்டு ஒன்றின் விளிம்பிலிருந்து தடித்த வால் ஒன்று தொங்கியது. நுனி மட்டும் மெதுவாக அசைந்தது. அதற்குப் பிறகுதான் காது, கண், முன்னங்கால் எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. அந்த வாலை என் கண் தானாகக் கண்டிருக்காது. ஆனால் ஆடுகள் நிமிர்ந்ததை நானே பார்த்தேன். போன வருஷம் அதுகூட எனக்குத் தெரியவில்லை.

படத்துக்கு வருவோம். தூரம் அரைக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். 600 மி.மீ. லென்ஸோடு, உருவத்தை 1.4 மடங்கு பெரிதாக்கும் எக்ஸ்டெண்டர் போட்டும் சட்டகத்தில் சிறுத்தை சிறியதுதான். அந்தத் தூரத்தில் லென்ஸை விடக் காற்றுதான் படத்தைத் தீர்மானிக்கிறது. வெயில் ஏறிப் பாறை சூடானதும் காற்று அலைபாய்ந்து ரோமமெல்லாம் கரைந்துவிடும். அதிகாலையிலும் மேகம் மூடிய நேரத்திலும் எடுத்தவை மட்டுமே கூர்மையாக வந்தன. பின்னணி முழுக்கப் பனி என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரு மடங்கு, கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பனி அழுக்குச் சாம்பலாக விழும். ஆட்டோஃபோகஸ் பாறைக்கு ஓடுகிறது என்றால் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றுங்கள். டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம், கேமரா ஆடும்.

இரவில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். உபரி பேட்டரிகளைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் நுழையும் முன் வெளியிலேயே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே வைத்திருந்தேன். கண்ணாடியில் ஈரம் கோத்துக்கொள்ளவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க 718 பனிச்சிறுத்தைகள். அதில் லடாக்கில் மட்டும் 477, இமாச்சலத்தில் 51. இதே மலையில் அவை யாக் மாட்டையும் குதிரையையும் அடித்தால் அது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய இழப்பு. நம் வால்பாறையில் மழைக்காட்டை மீட்டெடுக்கும் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன்தான் கிப்பரில் 2002-லேயே ஊர்க்காரர்களோடு சேர்ந்து கால்நடைக் காப்பீட்டைத் தொடங்கியது. ஸ்பாட்டர் வேலையில் வரும் குளிர்கால வருமானமும் இப்போது சேர்ந்துகொள்கிறது. ஆகவே கூலியில் பேரம் பேசாதீர்கள். அவர்கள் “இதற்கு மேல் போக வேண்டாம்” என்றால் அங்கேயே நில்லுங்கள். இரை அடித்த இடத்தில் நெருங்கினால் சிறுத்தை அதை விட்டுவிட்டுப் போகும், அப்புறம் அது இன்னொன்றை வேட்டையாட வேண்டும்.

அடுத்த குளிர்காலத்துக்கு லென்ஸை மாற்றப் போவதில்லை. நல்ல ஸ்கோப் ஒன்று வாங்கப் போகிறேன். அதற்கு முன் வால்பாறைச் சரிவுகளில் வரையாட்டு மந்தைகளைப் பார்த்துப் பழகலாம் என்று இருக்கிறேன்.