பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன், லவ் லேன் தெரு விடுதிக் கவுண்டரிலிருந்து

ஜூலை 4, 2025, வெள்ளிக்கிழமை

விடியற்காலையில் மணி அடித்தது. திருச்சிப் பையன்கள் இருவர், கோலாலம்பூரிலிருந்து இரவு பஸ். “அக்கா, ஒரு ராத்திரி வாடகை மிச்சம்” என்று பெருமை வேறு. எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். பதினொன்றுக்கு ஏறினால் நாலு மணிக்கே இறக்கிவிடுவார்கள். தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இறங்கினால் முதல் படகு கிளம்பும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தீவுக்குள் சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் இறங்கினால் அந்த நேரத்தில் டவுனுக்கு வர கிராப் டாக்சிதான், மிச்சம் பிடித்த காசு அதில் கரையும். தூக்கமும் போச்சு. பேசாமல் பகல் பஸ் எடுங்கள்.

செக்-இன் மதியம் இரண்டுக்கு. அதுவரை பையை வாங்கி வைத்துக்கொண்டு, குளிக்கவும் விட்டேன். முந்தின நாளே ஒரு வரி எழுதிக் கேட்டால் பல விடுதிகளில் ஒத்துக்கொள்வார்கள்.

ஜூலை 5, சனிக்கிழமை

ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. திங்கள் மாநில விடுமுறை. 2008 ஜூலை 7இல் ஜார்ஜ்டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நாள். விமான டிக்கெட் மலிவு என்று பாய்வதற்கு முன் இந்த ஊர் விடுமுறைகளையும் பாருங்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை வாடகை விழுங்கிவிடும்.

இன்றைய சண்டை வழக்கமான சண்டைதான்: சுற்றுலா வரி. வெளிநாட்டவர் என்றால் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). இணையத்தில் பதிவு செய்யும்போது கண்ணில் படும் விலையில் பெரும்பாலும் இது இருக்காது. பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு எவ்வளவு விழும் என்று முதலிலேயே கேட்டுவிட்டால் கவுண்டரில் நிற்கும் என்னைத் திட்ட வேண்டியிருக்காது.

ஜூலை 7, திங்கள்

பையன்கள் இன்று தண்ணீர்மலை முருகனுக்கு 513 படி ஏறிவிட்டு, பக்கத்திலிருக்கும் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்கும் (பினாங்கு ஹில்) நடந்தே போயிருக்கிறார்கள். மலை ரயில் காசு மிச்சம், முட்டி மட்டும் போச்சாம். டவுனுக்குள் சுற்ற கேட் (CAT) என்ற டவுன் பஸ் இலவசம். மற்ற பஸ்களுக்குச் சில்லறை வேண்டும், டிரைவர் மிச்சம் தரமாட்டார்.

சோற்றோடு கறி வகைகளை நாமே தேர்ந்தெடுக்கும் நாசி கண்டார் கடையில் கண்டதையெல்லாம் கைகாட்டாதீர்கள். கணவாயும் பெரிய இறாலும் தட்டில் விழுந்தால் பில் எகிறும். சோறு, ஒரு கோழித் துண்டு, வெண்டைக்காய், மேலே குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். வயிறு நிறைந்துவிடும்.

ஜூலை 9, புதன்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி, தனியாக. பெண்கள் அறை சில வெள்ளி கூடுதல். அதில் கஞ்சம் பார்க்காதே என்றேன். கீழ்க் கட்டிலும் கேட்டு வாங்கினாள், விவரமான பெண். மேல் கட்டிலுக்கு ஏர்கான் காற்று நேராக முகத்தில் அடிக்கும். ஆனால் விமானம் ஏறுமுன் வருகைப் படிவத்துக்கு ஏதோ ஓர் இணையதளத்தில் பணம் கட்டியிருக்கிறாள். மலேசியக் குடிநுழைவுத் துறையின் (இமிக்ரேஷன்) தளத்தில் அது இலவசம், வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும்.

அவளுடைய சார்ஜரும் இங்கே நுழையவில்லை. இங்கே சதுரக் கால் மூன்று உள்ள பிளக். அடாப்டரும் லாக்கருக்கு ஒரு சின்னப் பூட்டும் ஊரிலிருந்தே கொண்டுவாருங்கள். அப்புறம், விடியற்காலைப் பயணம் என்றால் பையை முந்தின இரவே கட்டி வையுங்கள். நாலு மணிக்கு பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று உருட்டினால் மொத்த அறையும் எழுந்து என்னிடம்தான் வரும்.