இதய உறையிலிருந்து ஒரு வால்வு

பழுதடைந்த இதய வால்வுக்கு மாற்று என்றதும் செயற்கை வால்வோ, மாட்டின் அல்லது பன்றியின் திசுவோதான் நினைவுக்கு வருகிறது. முன்னதைப் பொருத்திக்கொண்டவர் ஆயுள் முழுவதும் வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தைச் சாப்பிட வேண்டும். பின்னது நாளடைவில் கெட்டுவிடும், அதுவும் இளவயதினரின் உடலில் விரைவாகவே.

ஜப்பானிய அறுவை மருத்துவர் ஷிகேயுகி ஒசாகி 2007-இல் தொடங்கிய முறை என்னை வியக்க வைப்பதற்குக் காரணம் அதன் கைவேலைதான். நோயாளியின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்தே ஒரு துண்டை வெட்டியெடுத்து, குளூட்டரால்டிஹைடு கரைசலில் சில நிமிடங்கள் பதப்படுத்தி, உப்புநீரில் அலசுகிறார்கள். பிறகு பெருந்தமனி வால்வின் மூன்று இதழ்களுக்கும் உரிய இடத்தைத் தனித்தனியே அளந்து, அளவுக்கேற்ற அச்சை வைத்துக் குறித்து, கத்தரித்து, ஒவ்வொன்றாகத் தைக்கிறார்கள். தையற்காரர் வேலை என்று சொன்னால் மருத்துவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1967-இல், டொனால்ட் ராஸ் என்ற அறுவை மருத்துவர் நோயாளியின் நுரையீரல் தமனி வால்வையே பெருந்தமனிக்கு இடம் மாற்றினார். உயிருள்ள திசு என்பதால் குழந்தைகளுக்கு அது உடலோடு சேர்ந்தே வளரும். பதப்படுத்திய உறைக்கு அந்தத் திறன் இல்லை. ஆனால், ராஸின் முறையில் காலியான நுரையீரல் தமனியில் வேறொரு வால்வைப் பொருத்தியாக வேண்டும்.