பயந்த கோளாறுக்கு ஒரு பயணம்

ஏழெட்டு வயதில் ஒரு நாய் துரத்தியதில் ராத்திரியெல்லாம் தூக்கத்தில் அலறினேனாம். பயந்த கோளாறு என்று அம்மா என்னைச் சேலம் பெரியேரியில் இருக்கும் தலைவெட்டி முனியப்பனிடம் தூக்கிக்கொண்டு போனார். விபூதி அடித்து, மந்திரித்து, கறுப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். அலறல் எப்போது நின்றதோ தெரியாது. கயிறு மணிக்கட்டில் உறுத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

நாற்பதைத் தாண்டியபின் அதே கோளாறு வேறு வேஷத்தில் வந்தது. நடு ராத்திரி நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், செத்துவிடுவோம் என்று தோன்றும். இசிஜியில் ஒன்றுமில்லை. மனநல மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "மூச்சைக் கவனிக்கிற பயிற்சியும் சேர்த்துச் செய்யுங்க" என்றார்.

அப்போதுதான் பழைய முனியப்பன் நினைவுக்கு வந்தார். அந்தச் சிலை புத்தருடையது என்று 2011-இல் போட்ட வழக்கில், 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆமாம், புத்தர்தான் என்று தீர்ப்புச் சொன்னது. தொல்லியல் துறை ஆய்வு செய்து அறிக்கை கொடுத்திருந்தது: தாமரைப் பீடம், மடியில் தியான முத்திரை, சுருள்முடி, நீண்ட காதுமடல், துண்டான தலையைச் சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆக, சின்ன வயதில் எனக்குப் பயம் தெளிவித்தவர் கண்ணை உருட்டும் காவல் தெய்வம் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தவர்.

பெரியேரிக்கே போயிருக்கலாம். ஆனால் கோர்ட்டு, கேஸ் என்ற நினைப்போடு அங்கே உட்கார்ந்தால் மனசு அடங்காது என்று பட்டது. அதனால் ஒரு புதன்கிழமை, புத்தர் சிலை இருக்கும் இன்னொரு ஊரான தியாகனூருக்கு பஸ் ஏறினேன். வாழப்பாடி, ஆத்தூர் தாண்டித் தலைவாசல். அங்கிருந்து கொஞ்ச தூரம் உள்ளே. மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கொண்டே போனதில் நேரம் போனதே தெரியவில்லை.

தியாகனூரில் புத்தர் சிலைகள் இரண்டு உண்டு. தியான மண்டபத்தில் இருப்பவர் முன்னால் போய் நின்றேன். உட்கார்ந்த நிலையிலேயே என்னைவிட உயரம். கூட்டம் வைகாசிப் பௌர்ணமிக்குத்தான் வரும் போல; அன்றைக்கு நானும் ஒரு அணிலும்தான்.

சம்மணம் போட்டு மூச்சைக் கவனித்தேன். உடனே படபடப்பு ஏறியது! எங்கே மூச்சு நின்றுவிடுமோ என்ற பயம். என்னைப் போன்ற ஆட்களுக்கு இப்படி ஆவது உண்டு என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். அப்படி வந்தால் மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, உடம்பு தரையைத் தொடும் இடத்தைக் கவனிக்கச் சொல்லியிருந்தார். சரி என்று கண்ணைத் திறந்து சிலையின் கைகளைப் பார்த்தேன். இடது உள்ளங்கை மேல் வலதை வைத்து, அவரைப் போலவே மடியில் போட்டுக்கொண்டேன். தொடைக்குக் கீழே கல் குளிர்ந்திருந்தது. கணுக்கால் வலித்தது. அந்த வலியிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். அப்புறம் மூச்சு தன்னால் வந்து சேர்ந்தது. ஆனாபானசதியில், அதாவது புத்தர் சொன்ன மூச்சைக் கவனிக்கிற தியானத்தில், மூச்சை இழுத்துப் பிடிக்கிற வேலை இல்லை. நீளமாக வந்தால் நீளம், குட்டையாக வந்தால் குட்டை என்று அறிவதோடு சரி. வீட்டில் நான் செய்துகொண்டிருந்தது மல்லுக்கட்டு.

சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் புத்தர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிறார். உடம்பில் தைக்கும் வலி முதல் அம்பு. அதை நினைத்துப் புலம்பி நாமே குத்திக்கொள்வது இரண்டாவது. படபடப்பு எனக்கு முதல் அம்பு. 'ஐயோ, மறுபடியும் வந்துவிட்டதே' என்பது இரண்டாவது. ராத்திரிகளில் என்னைப் படுத்தியதில் முக்கால்வாசி இந்த இரண்டாவதுதான்.

விளக்கு வைக்க ஒரு பாட்டி வந்தார். "ரொம்ப நேரமா உக்காந்திருக்கியே தம்பி, என்ன கொறை?"

"தூக்கம் வரலீங்கம்மா."

"எனக்குந்தான் வரல. தெனமும் வெளக்கு வெக்கறேன், அப்பவும் வரல." திரியை நிமிண்டிக்கொண்டே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பும்போது வாழப்பாடி அருகே நெஞ்சு லேசாகப் படபடத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைக் கவனித்தேன். அயோத்தியாபட்டணம் வருவதற்குள் அடங்கிவிட்டது. ராத்திரி மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டேன்.

போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"கயிறு ஏதாச்சும் கட்டிவிட்டாங்களாடா?"

"இல்லம்மா. அங்க யாரும் கட்ட மாட்டாங்க."

"அப்புறம் அவ்ளோ தூரம் எதுக்குப் போன?"