கொதிக்க வைப்பது வேறு, ஊற வைப்பது வேறு: மீன் தொட்டிக்கு மரக்கட்டை

மீன் தொட்டியில் அழகுக்காக வைக்கும் ட்ரிஃப்ட்வுட் கட்டையை ஒரு மணி நேரம் கொதிக்க வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தொட்டியில் போட்டதும் கட்டை மிதக்கிறது. மூன்றாம் நாள் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துவிடுகிறது. கொதிநீர் கிருமியையும் பூச்சி முட்டையையும் கொல்லும், காற்றை வெளியேற்றும். சாயத்தை இறக்குவதும் கட்டையைக் கனமாக்குவதும் பெரும்பாலும் ஊறலின் வேலை. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

முதலில் கட்டையைச் சோதியுங்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அங்கங்கே குத்திப் பாருங்கள், மாவாக உதிர்ந்தால் அது உளுத்த இடம், வெட்டி எறியுங்கள். வைரம் பாய்ந்து நன்றாகக் காய்ந்த கட்டைதான் தண்ணீரில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பச்சை மரத்தின் சாறு தண்ணீரில் இறங்கினால் பாக்டீரியா பெருகி, மீனுக்கு வேண்டிய ஆக்ஸிஜனை அது குடித்துவிடும். பைன் போன்ற பிசின் மரங்களும் வேண்டாம். கடலில் ஒதுங்கிய கட்டைக்குள் உப்பு ஏறியிருக்கும். பெயின்ட், பூச்சிமருந்து பட்ட கட்டையை எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் நம்ப முடியாது.

பட்டையை முழுக்க உரித்துவிடுங்கள், முதலில் அழுகுவது அதுதான். பிறகு ஓடும் தண்ணீரில் கெட்டியான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சோப்பு கூடவே கூடாது. மரத்தின் நுண்துளைகள் அதைக் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். பிளீச்சையும் இதே காரணத்துக்காக நான் பரிந்துரைப்பதில்லை. கூரான முனைகளை உப்புத்தாளால் மழுக்குங்கள், நீண்ட துடுப்புள்ள பெட்டா மீனுக்கு ஒரு சிராய் போதும் துடுப்பு கிழிய.

கொதிக்க வைக்கும்போது பச்சைத் தண்ணீரிலேயே கட்டையைப் போட்டு அடுப்பை ஏற்றுங்கள். சூடு ஏற ஏற விரிசல்களிலிருந்து பொடிக் குமிழிகள் வரிசை கட்டி மேலே வரும், உள்ளிருந்த காற்று அது. 1 முதல் 2 மணி நேரம் போதும். முக்கியமான கட்டம் இனிமேல்தான். அடுப்பை அணைத்ததும் கட்டையை வெளியே எடுக்காதீர்கள், அதே தண்ணீரில் மூழ்கியபடியே ஆறட்டும். சூட்டில் விரிந்த காற்றும் ஆவியும் ஆறும்போது சுருங்கி, அந்த இடத்துக்குத் தண்ணீரை உள்ளே இழுக்கும். சூடாகவே வெளியே எடுத்தால் தண்ணீருக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். ஆறியபின் டிகாக்‌ஷன் மாதிரி கறுத்த தண்ணீரைக் கொட்டிவிடலாம்.

நாள் முழுக்கக் கொதிக்க வைப்பது நல்லதல்ல. நார் தளர்ந்து மேற்பரப்பு பஞ்சாகி, கட்டை சீக்கிரம் மக்கும். பாத்திரத்துக்குள் அடங்காத கட்டையைத் திருப்பிப் போட்டுப் பாதி பாதியாக வேகவையுங்கள். ஓவன், மைக்ரோவேவ் பக்கமே கொண்டு போகக்கூடாது, காய்ந்த கட்டை தீப்பிடிக்கும்.

அடுத்தது ஊறல். கட்டையைத் தண்ணீரில் அமுக்கி மேலே கல்லை வையுங்கள். முதல் வாரம் தினமும் தண்ணீர் மாற்றுங்கள், அதன்பின் 2, 3 நாளுக்கு ஒருமுறை. 1 வாரத்திலிருந்து 4 வாரம் வரை பிடிக்கும். 24 மணி நேரம் நின்ற தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். வெளிறிய வைக்கோல் நிறம் என்றால் தொட்டிக்குப் போகலாம். மிச்சமிருக்கும் டானின், அதாவது மரத்தின் சாயம், மீனைக் கெடுக்காது. மென்நீரில் பிஹெச் (தண்ணீரின் அமில, கார அளவு) சற்றே இறங்கும், கார்பனேட் கடினத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் மாற்றம் கண்ணுக்கே தெரியாது. நிறம் பிடிக்காதவர்கள் ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடலாம்.

கட்டையின் வகையும் முக்கியம். மோபானி என்ற வகை சட்டென்று மூழ்கும். ஸ்பைடர் வுட் என்ற வகை வாரக்கணக்கில் மிதக்கும். அதை ஒரு ஸ்லேட் கல்லில் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவால் முடுக்குங்கள். பித்தளை ஸ்க்ரூ வேண்டாம், அதிலிருந்து கரையும் செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும். இரண்டு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே கட்டையை இறுக்கிச் செருகவும் வேண்டாம். ஊறி உப்பினால் கண்ணாடி விரிசல் விடலாம்.

தொட்டிக்குள் போன சில நாளில் கட்டைமேல் வெள்ளையாக, வழவழவென்று ஒரு படலம் வரும். இதைப் பார்த்துப் பயந்து கட்டையைத் தூக்கி எறிகிறவர்கள் நிறைய. மரத்திலுள்ள சர்க்கரையைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. இறாலும் நத்தையும் அதை விரும்பி மேயும். சர்க்கரை தீர்ந்தால், பெரும்பாலும் சில வாரங்களில், தானே போய்விடும். ஆனால் கட்டையைத் தூக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் விஷயம் வேறு. உள்ளே காற்றில்லாமல் அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அன்றைக்கே கட்டையை வெளியே எடுத்துவிட்டு, தொட்டித் தண்ணீரில் பாதியை மாற்றுங்கள்.